இருபத்தெட்டு அளவுகள்

இருபத்தெட்டில் பதினொன்று என்னுடையவை. பதினேழு அப்பாவின் கையிலிருந்து வந்தன. பதினொன்று என் தலையிலிருந்து வந்தன. எவை எவை என்று இப்போது கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். ஆனால் யாரும் கேட்கப் போவதில்லை. நோட்டு அவ்வளவு அழகாக இருக்கிறது.

அவள் இப்படி நினைத்துக்கொண்டிருந்தபோது இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் அளவீட்டுப் பிழைகளின் வகைகளை எழுதிக்கொண்டிருந்தார். கருவியால் வரும் பிழை, அளப்பவரால் வரும் பிழை, காரணம் தெரியாமல் வரும் பிழை. ஐந்து மதிப்பெண் கேள்வி, கட்டாயம் வரும் என்றார். முப்பத்தெட்டு பேனாக்கள் ஒரே நேரத்தில் ஓடின. அவளும் எழுதினாள். தான் செய்தது இந்த மூன்றில் எதிலும் சேராது என்று தோன்றியது. அதற்குப் புத்தகத்தில் பெயர் வைக்கவில்லை. பெயர் இல்லாததால் அதற்கு மதிப்பெண்ணும் இல்லை.

வகுப்பில் அவளை 'ஒம்போது எட்டு' என்று கூப்பிடுவார்கள். தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு வரவேண்டும். அவளுக்கு எப்போதும் வரும். முதல் தடவை மட்டும் வரவில்லை. பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்த புதிது. ஆய்வகத்தில் ஆறு ஸ்டாப்வாட்ச் இருந்தன, இரண்டுதான் ஓடின. ஊசலைக் கட்டிய கொக்கி தன்பாட்டுக்கு ஆடியது. முறை வரக் காத்திருந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இருபது அலைவுகளை எண்ணி, உண்மையாகவே அளந்து கணக்குப் போட்டாள். ஒன்பது புள்ளி மூன்று வந்தது. ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, "உனக்காக பூமி இழுக்கிறத குறைச்சுக்குச்சாம்மா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அதன்பிறகு எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள், மற்றவர்களைவிட நன்றாகச் செய்தாள். விடையை முதலில் எழுதுவது, அங்கிருந்து பின்னோக்கி நடந்து அளவுகளுக்கு வருவது. நூறு சென்டிமீட்டர் நூலுக்கு இருபது அலைவுகள் என்றால் நாற்பது நொடியும் சொச்சமும். எண்பதுக்கு முப்பத்தாறுக்குச் சற்றுக் குறைவு. இதில் ஒரு நுணுக்கம் இருந்தது. எல்லா எண்களும் கச்சிதமாக விழுந்தால் மாட்டிக்கொள்வோம். அங்கொன்றை ஒரு புள்ளி மேலே தள்ள வேண்டும், இங்கொன்றை இரண்டு புள்ளி கீழே இழுக்க வேண்டும். மனிதக் கை நடுங்கியதுபோல் இருக்க வேண்டும். ஓர் அளவு மட்டும் கூட்டத்தோடு சேராமல் துருத்திக்கொண்டு நின்றால் அதை எடுத்துவிட வேண்டும். பாதி வகுப்பின் ரெக்கார்டு நோட்டுகள் அவள் மேஜையிலிருந்துதான் போயின. யாரும் இதைப் பொய் என்று சொன்னதில்லை. பிராக்டிகல் என்றுதான் சொன்னார்கள்.

அப்பா ஒரு தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். பத்துப் பேர் தைக்கும் கடையில் துணியை வெட்டுவது அவர் ஒருவர்தான். சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, கத்தரியை ஒரே ஓட்டமாக ஓட்டுவார். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே சின்ன வயதில் கடைக்குப் போய் உட்கார்ந்திருப்பாள். இந்த வருடத் தொடக்கத்தில் அவருக்கு அடிக்கடி தலை சுற்றியது. டாக்டர் இரண்டு வேளைக்கு இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்து, பதினான்கு நாள் காலையும் மாலையும் ரத்த அழுத்தம் அளந்து குறித்துக்கொண்டு வரச் சொன்னார். மெஷினை மாமா வாங்கிக் கொடுத்தார். அம்மாவுக்கு சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலை, ஷிஃப்ட் மாறி மாறி வரும். அதனால் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. விழுந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. அவளேதான் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். தேதி, நேரம், மேல் அளவு, கீழ் அளவு, நாடித்துடிப்பு. அம்மா பார்த்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு" என்றாள்.

முதல் மூன்று நாளும் நூற்று முப்பதுகளில் வந்தது. நான்காம் நாள் மாலை நூற்று எழுபத்திரண்டு. அப்பா மாடி வீட்டுக்குப் படியேறி வந்த மூச்சு, அதனால்தான் என்று நினைத்து, கொஞ்சம் பொறுத்து மறுபடி அளந்தாள். நூற்று அறுபத்தெட்டு. மூன்றாம் தடவை நூற்று எழுபது. மூன்றும் ஒத்துப்போனால் நம்பு என்றுதான் பாடம். ஆனால் அவை முந்தைய நாட்களோடு ஒத்துப்போகவில்லை. கட்டத்தில் அந்த எண் துருத்திக்கொண்டு நிற்பதை எழுதும் முன்பே பார்த்துவிட்டாள். அவள் கை நூற்று முப்பத்தெட்டு என்று எழுதியது. கை எழுதியது என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தக் கணத்தில் மனம் எங்கே இருந்தது என்று பிறகு எத்தனையோ முறை தேடிப் பார்த்தாள். அது அங்கேயேதான் இருந்தது. வழக்கமான வேலையைச் செய்கிற நிம்மதியோடு இருந்தது.

அப்படி ஐந்து. சிறப்பு வகுப்புக்கு ஓடிய காலைகளில் அளக்காமலே எழுதியவை ஆறு. அந்த ஆறில் ஒன்றைக் கொஞ்சம் கூட்டி, ஒன்றைக் கொஞ்சம் குறைத்து, கை நடுங்கியதுபோல் வைத்திருந்தாள்.

டாக்டர் நோட்டைப் புரட்டினார். நூற்றுக்கு ஒருத்தர்கூட இப்படி எழுதிக்கொண்டு வருவதில்லை, யார் எழுதியது என்று கேட்டார். அப்பாவுக்கு முகமெல்லாம் பல். "எம் பொண்ணு சார். சயின்ஸ் க்ரூப்பு" என்றார். அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது, இனி ஒரு மாத்திரை போதும் என்று டாக்டர் இரண்டாவது மாத்திரையின் பெயர்மேல் கோடு கிழித்தார். அந்தக் கோட்டை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயைத் திறக்க அப்போது நேரம் இருந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, பேனாவை மூடும்வரை நேரம் இருந்தது. பாராட்டு இன்னும் காதில் சூடாக இருந்தது, அதைக் கழற்றிக் கீழே வைக்க அவளால் முடியவில்லை.

மாத்திரையைக் குறைத்த பன்னிரண்டாம் நாள் கடையில் அப்பாவின் கத்தரி சுண்ணக் கோட்டை விட்டு விலகி, வளைந்து, துணியின் நடுவே போனது. பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பவர் அதைப் பார்த்து, "மாஸ்டர், யாருக்கு இந்தப் புது டிசைன்?" என்று சிரித்திருக்கிறார். அப்பா திரும்பிப் பதில் சொல்லப் பார்த்திருக்கிறார். சொல் வரவில்லை. அப்படியே சாய்ந்துவிட்டார்.

மூளையின் இடப்பாதி உடலின் வலப்பாதியை ஆள்கிறது. சரியா, தவறா? ஒரு மதிப்பெண். அவள் அதை எத்தனையோ தேர்வுகளில் சரியாக எழுதியிருக்கிறாள். இப்போது அந்த விடை வீட்டுக் கட்டிலில் படுத்திருந்தது. பிசியோதெரபி செய்ய வந்தவர் அப்பாவின் வலது கையைத் தூக்கிவிட்டபோது அது தொப்பென்று மெத்தையில் விழுந்தது. அதைப் பார்த்த கணத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று தானாகக் கணக்குப் போட்டது: உயரம் இவ்வளவு, நேரம் இவ்வளவு. அந்த விழுகையில் மட்டும் எந்தப் பிழையும் இல்லை. தன்மேலேயே அருவருப்பு வந்தது. எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

அறிவியல் எங்கும் இருக்கிறது என்று ஆறாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கொதிக்கும் தண்ணீரில், சறுக்கும் செருப்பில், துருப்பிடித்த கம்பியில். அன்றைக்கு அது வேடிக்கையாக இருந்தது. இப்போது எதிலிருந்தும் தப்ப முடியவில்லை. அப்பாவுக்குத் தண்ணீர் கொடுக்கும்போது வாயின் ஒரு பக்கமாக அது வழியும், அதற்கும் ஒரு விதி இருக்கும். எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு என்பதுதான் அந்தப் பாடங்களின் ஒரே செய்தி. அவளுக்கு அந்தச் செய்தியே வேண்டாம் என்றிருந்தது.

மருத்துவமனையில் ஒரு நர்ஸ், மாத்திரை போட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கும் பக்கவாதம் வருவதுண்டு என்று அம்மாவிடம் சொன்னார். அவள் அந்த வாக்கியத்தை நாள்கணக்காகப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். ஆனால் பாடம் விடவில்லை. ஒரு காரணத்தால்தான் ஒன்று நடந்தது என்று நிறுவ வேண்டுமானால் இரண்டு சோதனைகள் வேண்டும். ஒன்றில் அந்தக் காரணம் இருக்க வேண்டும், மற்றதில் இருக்கக் கூடாது, மீதி எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அதற்கு இன்னொரு அப்பா வேண்டும். அதே கடை, அதே மாடிப்படி, இரண்டு மாத்திரையும் போட்டுக்கொள்ளும் ஓர் அப்பா. அவர் இல்லை. ஆகவே அப்பாவின் கையை முடக்கியது அவளா இல்லையா என்ற கேள்விக்கு, சாகும்வரை விடை வராது. குற்றவாளி என்று தெரிந்தாலாவது அழுது தீர்க்கலாம்.

ஒருநாள் மதிய இடைவேளையில் ஆய்வகத்துக்குப் போய் ஆசிரியரிடம் சொன்னாள். முழுவதையும் சொன்னாள். அவர் ஓர் ஊசல் தாங்கியின் திருகைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டார். பாதியில் கை நின்றுவிட்டது. டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றாள். அம்மாவிடம்? இல்லை.

"சொல்லாதம்மா. இப்ப சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகுது" என்றார். பிறகு, அவள் குற்றம் சாட்டியதுபோல, "முப்பத்தெட்டு பேருக்கு ரெண்டு ஸ்டாப்வாட்ச். நான் என்னதான் பண்றது? இது வேற, அது வேற" என்றார்.

அவர் குரல் தாழ்ந்திருந்தது. திட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தாள். திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு சுவர் கிடைத்திருக்கும். மணி அடித்தது. அவர் திருகை மறுபடி மாட்டத் தொடங்கினார். அவள் வகுப்புக்குத் திரும்பினாள்.

இரண்டு மாதத்தில் அப்பாவுக்குப் பேச்சு கொஞ்சம் திரும்பியது. ஒவ்வொரு சொல்லையும் ஊசியில் நூல் கோக்கிறவர்போல் குறி பார்த்துச் சொல்வார். வலது கை திரும்பவில்லை. கடை முதலாளி நல்ல மனிதர். வெட்டாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் உட்கார்ந்து புதிதாக வந்தவனுக்குக் கோடு சொல்லட்டும், மாத முடிவுவரை இடத்தை வைத்திருக்கிறேன் என்றார். டாக்டர், இரண்டு வாரம் அழுத்தம் நூற்று நாற்பதுக்குள் நின்றால் அரை நாள் போகலாம், தாண்டினால் மாடிப்படியை நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது என்றார். அப்பா அந்த நாளிலிருந்து வேறு எதையும் பேசவில்லை. காலையில் எழுந்ததும் இடது கையால் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுப் பழகினார். ஒரு பொத்தானுக்கு நாலு நிமிடம் ஆகும். யாரும் உதவக் கூடாது.

இந்த முறை அவள் ஒரு கட்டம்கூட விடாமல் அளந்தாள். பதின்மூன்று நாளும் நூற்று நாற்பதுக்குக் கீழே இருந்தது. பதினான்காம் நாள் மாலை, மறுநாள் டாக்டரைப் பார்க்க வேண்டிய நிலையில், அப்பாவின் கையில் மெஷினின் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் உறுமி, இறங்கி, நின்றது. நூற்று அறுபத்து நான்கு.

பட்டையைத் தளர்த்திவிட்டாள். கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்தாள். நூற்று அறுபத்து நான்கேதான். அவள் பேனாவை எடுத்தாள்.

"முப்..." என்றார் அப்பா. நிறுத்தி மறுபடி ஆரம்பித்தார். "முப்பத்தி... நாலு."

அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைத்தாள். "இல்லப்பா. நூத்தி அறுபத்தி நாலு."

அவர் தலையை ஆட்டினார். இடது கை விரலால் நோட்டின் வெற்றுக் கட்டத்தைத் தொட்டார். "முன்னாடி... எழுதுவியே. அந்த மாதிரி."

"எந்த மாதிரிப்பா?"

"பாத்தேன்" என்றார். முகத்தின் ஒரு பாதி சிரித்தது. "எழுவதுன்னு... காட்டும். நீ முப்பதுன்னு போடுவே. நல்லா... இருந்துச்சு."

கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பட்டை அவர் கையில்தான் இருந்தது, எண்கள் அவர் கண்ணெதிரில்தான் ஒளிர்ந்தன. இரண்டு மாதத்துக்கு மேலாக, இது வீட்டில் தனக்கு மட்டுமே தெரிந்தது என்று தனியாகத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள். அவர் அன்றே பார்த்திருக்கிறார். மகள் தனக்கு நோயைக் குறைத்துக் கொடுக்கிறாள் என்று நம்பியிருக்கிறார், அல்லது நம்ப விரும்பியிருக்கிறார். பாரம் பாதியாகும் என்று நினைத்தால், ஆகவில்லை. அது இப்போது அவர் முகத்திலும் இருந்தது, நன்றியாக இருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுக்களையிலிருந்து அம்மா, எவ்வளவு வந்தது என்று கேட்டாள். அப்பா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் போட்டிருந்த சட்டையில் ஐந்து பொத்தானும் சரியாகப் பூட்டியிருந்தன. ஒரே ஒரு கட்டம். நாளைக்குக் காலை அளவு நன்றாகவும் இருக்கலாம். இது துருத்திக்கொண்டு நிற்கும் ஒற்றை அளவாகவும் இருக்கலாம். எழுதினால் கடை வேலை போய்விடும். அதற்கும் காரணம் அவள்தான் என்று ஆகும். அதையும் எதனோடும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

"ஒரு தடவ" என்றார் அப்பா. "ஒரே... தடவம்மா."

"இல்லப்பா" என்றாள் அவள், அடுக்களைக்குக் கேட்காத குரலில். பிறகு குனிந்து நூற்று அறுபத்து நான்கு என்று கட்டத்தில் எழுதினாள்.