சம்பந்தியின் கழுத்து

மிலுங்கா அழுத்தவே இல்லை. மேசையில் மல்லாந்து கிடந்த ராடிசாவின் தலையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு, மண்டை கழுத்தில் வந்து உட்காரும் இடத்தில் விரல் நுனிகளைச் சும்மா வைத்திருந்தாள். தலை தானாகக் கனத்துக் கையில் இறங்க வேண்டும். ஆனால் இந்த மனுஷர் இறங்க விட்டால்தானே.

"தலைய எங்கிட்ட குடுங்க சம்பந்தி. நீங்களே தூக்கிப் பிடிச்சுக்கிட்டா நான் எதுக்கு?"

"குடுத்துட்டேனே."

"எங்க குடுத்தீங்க? உங்க பொண்ணையே சீக்கிரமா குடுத்துட்டீங்க, தலையக் குடுக்க மாட்டேங்கறீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் வலியாக மாறி முகத்தைச் சுருக்கியது. அவள் கேலியை நிறுத்திக்கொண்டாள். வெளியே எல்லா வாசலிலும் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். புகை வராமல் இருக்கவும் வெளிச்சம் வராமல் இருக்கவும் திரையை இழுத்து விட்டிருந்தாள்.

பத்து நாளைக்கு முன்னால் பிளம் மரத்திலிருந்து விழுந்தார். பின்மண்டை தரையில் மோதியது. எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, ஒரு மடக்கு ராக்கியா சாராயம் ஊற்றிக்கொண்டு மிச்சப் பழத்தையும் பறித்தாராம். மறுநாள் தலை விண்ணென்று தெறித்தது, கழுத்து திரும்பவில்லை. இந்த ஊரில் எந்த வலிக்கும் காரணம் ஒன்றுதான்: ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் அடிக்கிற குறுக்குக் காற்று. அவர் மனைவி வேரா, செப்டம்பர் வெயிலில் எல்லா ஜன்னலையும் அடைத்து, கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றி, மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். மிலுங்கா வெந்நீர் ஊற்று மருத்துவமனையில் இருபத்தாறு வருஷமாக மசாஜ் பார்ப்பவள். அவளும் என்ன கேட்டாள்? "கார்ல ரெண்டு ஜன்னலையும் திறந்து வெச்சுக்கிட்டா எங்கயாவது போனீங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்று பிடித்துக்கொண்டார் அவர். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஐம்பத்தொன்பது வயசில் மரமேறி விழுந்தேன் என்று சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது?

காற்றுப் பிடிப்புக்கு அழுத்துவதுபோல முழு பலத்தையும் போட்டு அழுத்திவிட்டாள். அவர் எழுந்து இரண்டு அடி வைத்தார், கழுவுதொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார், அப்படியே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில்தான் மரத்திலிருந்து விழுந்த கதை வெளியே வந்தது. படமெடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு தப்பித்தது, மூளை குலுங்கியிருக்கிறது என்றார். மூளை ஓய்வில் தானே ஆறும், கூடவே சுண்டி இழுபட்ட கழுத்துதான் தலைவலியைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். நாலு நாள் போகட்டும், அப்புறம் பூப்போலத் தொட்டு அதை இளக்கலாம், தலை சுற்றினால் அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும் என்றார். அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

நாலு நாள் கழித்துத் தினமும் மத்தியானம் அவர் வருகிறார், அவள் தொடுகிறாள். தலைவலி குறைந்தது, தூக்கம் வந்தது. சத்தம் மட்டும் ஆகவில்லை. நேற்று வேரா ஒரு கரண்டியைத் தவறவிட்டதற்கு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அழுதாராம்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் எட்டு ட்ரம்பெட்டோடு பெண் வீட்டு வாசலுக்கு வருவார்கள். மணப்பெண் இஸ்க்ராவுக்கு அண்ணன் தம்பி கிடையாது. அப்பாதான் கைபிடித்து வாசலுக்குக் கூட்டிவர வேண்டும். ட்ரம்பெட்காரர்கள் காதோரமாகத்தான் ஊதுவார்கள், அதுதான் மரியாதை.

"சம்பந்தி," கண்ணைத் திறக்காமலே ராடிசாவ் சொன்னார், "எனக்குச் சத்தம் ஆகலேன்னு இஸ்க்ராகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா கல்யாணத்தையே தள்ளிப் போட்டுடுவா. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னுடுவேன். அஞ்சு நிமிஷந்தானே."

"விழுந்துட்டீங்கன்னா?"

"விழுந்தா அவ கையப் பிடிச்சிருக்கேன்ல."

இப்போதுதான் அந்தத் தலை கொஞ்சம் கனத்தது.

மகன் லாசருக்கு ஒன்பது வயசாக இருக்கும்போது அவன் அப்பா போய்விட்டார். தெருவே அவளைப் பாவம் பாவம் என்று பார்த்தது. என் பிள்ளை மாப்பிள்ளையாகப் புறப்படும் நாளில் எட்டு ட்ரம்பெட் முழங்கி அந்தப் பாவத்தையெல்லாம் விரட்ட வேண்டும் என்று அன்றைக்கே மனசில் முடிந்து வைத்திருந்தாள். சாவுக்குக்கூட ட்ரம்பெட் ஊதுகிற ஊர் இது. ஊமையாக வரும் கல்யாணக் கும்பலை யாராவது பார்த்திருக்கிறார்களா?

மறுநாள் எக்ரமின் வீட்டுக்குப் போனாள். ட்ரம்பெட் கோஷ்டிக்கு அவன்தான் தலைவன்.

"பொண்ணு வீட்டுல ஊதக்கூடாது. பொண்ணோட அப்பா போற வரைக்கும் மண்டபத்துலயும் கூடாது. அப்புறம் விடிய விடிய ஊதுங்க."

"அப்ப வாசலுக்கு நாங்க எதுக்குக்கா? வீட்டுலயே இருந்துக்கறோம்."

"எட்டு பேரும் வரணும். மரியாதை குறையக்கூடாது."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு ட்ரம்பெட்டை எடுத்துத் துடைத்தபடி, "எங்கப்பன் கேட்டா கல்லறையிலேர்ந்து எந்திரிச்சு வந்து என்னை உதைப்பான். சரி போ," என்றான்.

லாசர்தான் குதித்தான். "ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும்டா. அந்தத் தலைய நான் கையில வெச்சுப் பார்த்திருக்கேன், நீ பார்க்கல. போய்ச் சட்டைய இஸ்திரி போடு."

ராடிசாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால், என்னால் ஒரு கல்யாணம் ஊமையாகப் போவதா என்று வீம்பு பிடிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருமுனையில் திரும்பினார்கள். நூற்றிருபது பேர். எட்டுப் பேரும் ட்ரம்பெட்டின் வாயைத் தரைப்பக்கம் கவிழ்த்துப் பிடித்திருந்தார்கள். அடுப்பை விட்டு எழுந்து வந்தவர்கள் இது என்ன கும்பல் என்பதுபோல் வேலியோரம் நின்று பார்த்தார்கள். மிலுங்காவுக்குக் காது மடல்வரை சூடேறியது. நிமிர்ந்து நடந்தாள்.

கதவு திறந்தது. வெள்ளை உடுப்பில் இஸ்க்ரா. பக்கத்தில் ராடிசாவ், காதில் பஞ்சு, இறுக மூடிய கண், அடிவாங்கப் போகிறவர்போலத் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தது. அவர் காத்திருந்தார். எல்லோரும் நின்றார்கள். யாரோ இருமினார்கள், சரளைக்கல்லில் ஒரு செருப்பு நகர்ந்தது, அவ்வளவுதான்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். கவிழ்ந்திருந்த எட்டு ட்ரம்பெட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, கடைசியில் அவளிடம் வந்தார்.

"எங்க சம்பந்தி சத்தம்?"

"வழியில விட்டுட்டு வந்துட்டோம்," என்றாள் மிலுங்கா, மெதுவாக. "படி இருக்கு, பார்த்து வாங்க."

அவர் வரவில்லை. மகளின் கையைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். இத்தனை நாள் அவள் விரலுக்கு இளகாத அந்தத் தோள்கள், நூற்றிருபது பேர் பார்க்க, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கின.