கீல் ஓரத்து ஒயர்

தங்கச்சிக்கு ஷாக் அடித்தது சலவை ஆலையின் மூன்றாம் மெஷினின் சுவிட்சுப் பெட்டியில். உயிர் தப்பியது, வலது கையில் கட்டு. மறுநாளே மேனேஜர் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ஈரக்கையோடு பெட்டியைத் தொட்டாளாம், இனி அவளுக்கு வேலை இல்லையாம். வேலைக் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். சலவை ஆலையில் எவள் கை காய்ந்திருக்கும்?

அந்தப் பெட்டிக்கு ஒயரிங் செய்தவன் நான். கதவில் இருக்கும் சுவிட்சுகளுக்குப் போகிற ஒயர்களை ரப்பர் குழாய்க்குள் விட்டு, இரண்டு முனையிலும் கட்டி, நடுவில் தொட்டில் மாதிரித் தொங்கவிட்டிருந்தேன். அப்போதுதான் கதவு திறந்து மூடும்போது ஒயர் இழுபடாது.

போய்ப் பார்த்தேன். மெயினை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். குழாயைக் காணோம். தொங்கலை வெட்டி, கீலை ஒட்டி நேராக இழுத்து, பிளாஸ்டிக் பட்டைகளால் இறுக்கியிருந்தார்கள். திறந்து திறந்து தகர விளிம்பில் தேய்ந்து, செம்பு பல்லிளித்தது. அந்த இழுப்பில் கதவின் எர்த் ஒயரும் கழன்றிருந்தது; தகரக் கதவு முழுக்கக் கரண்ட் ஏற அது போதும்.

“யாரு கைவரிசை இது?”

ஆலையின் பராமரிப்பு ஆள் பக்கத்திலேயே நின்றார். தங்கச்சி புருஷன்தான். வீட்டில் செருப்பைக்கூட அளவெடுத்த மாதிரி அடுக்குகிற மனிதர்.

“குடல் சரிஞ்ச மாதிரி தொங்கிச்சு மச்சான்” என்றார், தரையைப் பார்த்து.

மேனேஜர் குறுக்கிட்டார். “பார்க்க நீட்டாத்தானே இருக்கு? ஈரக்கைதான் காரணம்.”

“சரி சார். உங்க கை காஞ்சிருக்கு. நான் மெயினைப் போடுறேன், நீங்க கதவைத் தொடுங்க.”

அவர் கை பேன்ட் பாக்கெட்டுக்குள் போனது.

“நீங்க தொடுறீங்களா மாப்பிள்ளை?”

மெயின் சுவிட்சில் என் விரல் இருந்தது. போட்டிருக்க மாட்டேன், அது அவருக்குத் தெரியாது.

“வேணாம் மச்சான். நான்தான் வெட்டிக் கட்டினேன். அவ மேல தப்பில்ல.”

“இப்ப வந்துச்சா வாய்? கட்டின பொண்டாட்டி மேல இவரு பழி போட்டப்ப எங்க போச்சு?”

தங்கச்சி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கணக்குத் தீர்க்க வரச் சொல்லியிருந்தார்கள். புருஷனைக் கடந்து உள்ளே வந்தாள். இடது கையை மேனேஜரிடம் நீட்டினாள்.

“கேட்டீங்கல்ல சார்? வேலைக் கார்டைத் திருப்பிக் கொடுங்க.”

கொடுத்தார். அப்புறம்தான் புருஷன் பக்கம் திரும்பினாள்.

“அந்தப் பட்டையெல்லாம் வெட்டுங்க. எங்கண்ணன் கட்டின மாதிரி கட்டுங்க. நான் இங்கதான் நிப்பேன்.”