தெருவிளக்கு என்று பதிவானது

“வெளிய பூட்டிட்டுப் போயிட்டா, உள்ள தீப்பிடிச்சா யாரு சார் தொறப்பாங்க?”

சுவாதி இதைக் கேட்டது போன நவம்பரில், சின்னேரிக்கொட்டாய் ஊராட்சியின் குழந்தைகள் சபையில். நான்காம் வகுப்புப் படிக்கிற பெண். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் அறுபது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைமையாசிரியர், “ஊருக்கு என்ன வேணும்னு கேளும்மா. வூட்டுக் கதையெல்லாம் இங்க வேணாம்” என்றார். ஊராட்சிச் செயலர் சௌந்தரராஜன்தான் நோட்டிலிருந்து நிமிர்ந்து, “பொழுது சாஞ்சா பயமா இருக்குதா கண்ணு?” என்று கேட்டார்.

“இருட்டா இருக்கும் சார்” என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் அவர் பிள்ளைகளின் கோரிக்கைகளைக் கைப்பேசியில் ஏற்றினார். படிவத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன: குடிநீர், சாலை, தெருவிளக்கு, கழிப்பறை, விளையாட்டுத் திடல். ஐந்தில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் வராது. சுவாதியின் கேள்விக்கு வந்தபோது அவருக்குக் கண் எரிந்தது. காலையிலிருந்து வீட்டுவரி, நடுவில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுது, அதற்குப் பிறகு சபை. இருட்டு என்றாளே என்று தெருவிளக்கைத் தொட்டார்.

அவர் மனத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. களைத்த கைகள் செய்கிற பிழைகளில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. அதனால் அந்தப் பிழை யார் தலையில் விழுகிறதோ அவருக்குப் பாரம் குறைந்துவிடுவதும் இல்லை.

ஐந்தே மாதத்தில் விளக்கு வந்துவிட்டது. இத்தனை வேகமாக அந்த ஊராட்சிக்கு எதுவும் வந்ததில்லை. சுவாதி குடியிருந்த, திம்மராயனின் வாடகை லைன் வீடுகளுக்கு எதிரே கம்பம் நட்டு வெள்ளை விளக்கு மாட்டினார்கள். கோரிக்கைக்கு எதிரே ‘தீர்வு காணப்பட்டது’ என்று பச்சை எழுத்து விழுந்தது.

ஜூன் மாதம் ஒரு தகவல் வந்தது. குழந்தைகளுக்கான மாவட்டத் திட்ட வரைவுக்குக் கிருஷ்ணகிரியில் கூட்டம். பிள்ளைகள் என்ன கேட்டார்கள், என்ன செய்து கொடுத்தீர்கள் என்று ஒவ்வொரு ஊராட்சியும் இரண்டு நிமிடம் சொல்ல வேண்டும். செய்த வேலையும் கேட்ட குழந்தையும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். இடமும் நேரமும் படத்தில் விழ வேண்டும்.

விளக்கு எரிகிற நேரமாகப் பார்த்து, செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்குச் சௌந்தரராஜன் லைன் வீடுகளுக்குப் போனார். கேழ்வரகு விளைந்த நிலத்தில் திம்மராயன் கட்டிவிட்ட பத்து அறைகள். தகரக் கூரை, ஒரு கதவு, ஒரு கம்பி ஜன்னல். ஓசூர்ப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்யும் வெளியூர்க் குடும்பங்கள்தான் அத்தனை அறைகளிலும். நான்காவது ஜன்னலில் சுவாதியின் முகம் தெரிந்தது.

“வெளிய வா கண்ணு. ஒரு போட்டோ எடுத்துக்கலாம்.”

“வர முடியாது சார். பூட்டியிருக்கு.”

அவர் அப்போதுதான் கதவைப் பார்த்தார்.

“அம்மா எங்க?”

“பி ஷிப்டு. ரெண்டு மணிக்குப் போவாங்க, பத்து மணிக்கு விடுவாங்க. அப்பாவும் இந்த வாரம் பி ஷிப்டுதான். நாங்க ஸ்கூல் விட்டு வந்ததும் பக்கத்து வீட்டு அக்கா பூட்ட அமுக்கிட்டு வேலைக்குப் போயிடுவாங்க.” உள்ளே ஒரு சின்னக் குழந்தை தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தது. “பாப்பாவ நான் பாத்துக்கிறேன்.”

அவர் கம்பத்தைக் காட்டினார். “நீ கேட்ட லைட்டு வந்துடுச்சு, பாத்தியா?”

“நான் லைட்டு கேக்கலியே சார். பூட்டப் பத்தித்தான கேட்டேன்.”

குறை சொல்கிற குரல் இல்லை அது. கடைக்காரர் பருப்புக்குப் பதில் உப்பை எடுத்து வைத்தால் சொல்வோமே, அப்படிச் சொன்னாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளே சமாதானமும் சொன்னாள்: “லைட்டும் நல்லாத்தான் இருக்கு சார். பாப்பா இப்பல்லாம் அழறதில்ல.”

அவர் வரிசை நெடுக நடந்தார். பத்துக் கதவுகளில் ஆறில் பூட்டுத் தொங்கியது. ஆறில் நான்குக்குப் பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“இன்னா சார், வூடு வாடகைக்குப் பாக்குறீங்களா? செயலருக்குன்னா அட்வான்சு கொறைச்சுக்கிறேன்” என்று சிரித்தபடி திம்மராயன் மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து வந்தார். பூட்டுகளைப் பற்றிக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

“பூட்டச் சொல்லி நான் சொல்லலீங்க. போன வருசம் மூணாவது வூட்டுப் புள்ள தவழ்ந்துகினே சர்வீஸ் ரோட்டுக்குப் போயிடுச்சு. கண்டெய்னர்காரன் மயிரிழையில பிரேக்கு போட்டான். அன்னையிலருந்து அதுங்களா பூட்டிக்கினு போவுதுங்க. தொறந்துவுட்டா லாரி, பூட்டினா நெருப்பு. எது தேவலாம்னு நீங்களே சொல்லுங்க சார்.”

மறுபடி நான்காவது ஜன்னலைப் பார்த்துவிட்டு அவர் கிளம்பினார்.

மறுநாள் பகலில், ஷிப்டுக்குக் கிளம்பும் முன் சுவாதியின் தாய் பூங்கொடியைப் பார்த்தார். சிவகாசிப் பக்கத்துப் பெண். பட்டாசு வேலையே வேண்டாம் என்று குடும்பத்தோடு வடக்கே வந்தவள். கம்பெனிச் சீருடையில், கையில் சாப்பாட்டுப் பையோடு நின்றாள். கூட்டம் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் கண் கலங்கிவிட்டது.

“எம்பிள்ளைகளத் தூக்கிட்டுப் போயிருவாகளாய்யா?”

“அப்படியெல்லாம் இல்லம்மா.”

“தீயப் பாத்துத்தான் அம்புட்டுத் தூரத்துல இருந்து ஓடியாந்தோம். இங்க நானே பிள்ளைகளப் பூட்டச் சொல்லிட்டுப் போறேன். எனக்குத் தெரியாதாய்யா? சாவிய மடியில வச்சுக்கிட்டுத்தான் மிஷின்ல நிக்கேன். ஷிப்டு மாத்திக் கேட்டா வேற ஆளு இருக்குன்றாக.” கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. “பிள்ள பேர மட்டும் சொல்லிராதீகய்யா.”

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார்.

கூட்டத்துக்கு முன்னால் கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று அங்கன்வாடி ஊழியர் ருக்மணியிடம் போனார். ஐம்பத்திரண்டு வயது, மூட்டுவலி, உதவியாளர் இடம் இரண்டு வருடமாகக் காலி. லைன் வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் வயதும் அவருக்கு மனப்பாடம். பதினொரு பிள்ளைகள்.

“மையத்த நாலு மணிக்குள்ள மூடிடறோம். அதுக்கப்புறம் அதுங்க கதி பூட்டுதான்” என்றார். “அந்தப் பொண்ணு சபையில கேட்டத அப்பவே என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? லைட்டு போட்டாராம், லைட்டு!”

வியாழக்கிழமை கிருஷ்ணகிரிச் சாலையெங்கும் மாம்பழ லாரிகள். கூட்டத்துக்குச் சற்றுத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தார். திரையில் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. புதுக் குழாயருகே ஒரு பிள்ளை, புது ஊஞ்சலருகே ஒரு பிள்ளை, எல்லோர் தலையும் எண்ணெய் வைத்து வாரியிருந்தது. பிள்ளைகளில் ஒருவரும் அரங்கில் இல்லை.

அவர் முறை வந்தது.

“படம் இல்லீங்க மேடம். அந்தக் குழந்த தெருவிளக்கு கேக்கல. வெளியில பூட்டிட்டுப் போன வூட்டுக்குள்ள தீப்பிடிச்சா யாரு தொறப்பாங்கன்னு கேட்டுது. நான்தான் தெருவிளக்குன்னு போட்டுட்டேன்.”

மேசையின் நடுவில் இருந்த அதிகாரி இளம் பெண். காலையிலிருந்து நாற்பது ஊராட்சிகளைக் கேட்டிருந்தார். முன்னால் தேநீர் ஆடை படிந்து கிடந்தது. “தீர்வு ஆயிடுச்சுன்னு மூடியிருக்கே. ஏழு மாசமா யாருமே தப்புன்னு சொல்லலையா?”

“கேட்ட பொண்ணுக்கு ஒம்பது வயசு மேடம். அது யாருகிட்ட போய்ச் சொல்லும்?”

பக்கத்து ஊராட்சிச் செயலர் மோகன்குமார் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, “ஏம்பா, தானா வந்து கேட்டு மெமோ வாங்கிக்கினு போற மொத ஆளு நீதான்” என்று முணுமுணுத்தார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. எத்தனை பிள்ளைகள், எத்தனை அறைகள், எந்த ஷிப்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

“ஷிப்டு நேரத்துக் காப்பகம்னு வரைவுல ஒரு வரி சேக்கறேன். நிக்குமான்னு உறுதி சொல்ல முடியாது. நின்னாலும் நடைமுறைக்கு வர ஒரு வருசம் ஆகும்.” பிறகு, “தப்பாப் பதிஞ்சதுக்கு நீங்க விளக்கம் எழுதித் தரணும் சார்” என்றார்.

“தரேன் மேடம். அந்த ஒரு வருசம் வரைக்கும்?”

அதிகாரி பேனாவை மூடினார். “தெரியல சார்” என்றார். உண்மையைச் சொன்னார். சௌந்தரராஜனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

ஊர் திரும்பியபோது ருக்மணி அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

“இன்னா சொன்னாங்க?”

“ஒரு வருசம் ஆவுமாம்.”

“ஒரு வருசம் பூட்டுக்குள்ளயா?” அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். “உங்க ஊராட்சி நூலகம் அஞ்சு மணிக்கு மேல சும்மாத்தான கெடக்குது? என் வூட்டுக்கு எதிர்லதான் இருக்கு. புள்ளைங்கள அங்க அனுப்பச் சொல்லுங்க. ஷிப்டு முடிஞ்சு அவங்க வர வரைக்கும் நான் ஒக்காந்துக்கறேன். வூட்ல சீரியலு பாக்குற நேரம்தான, அதுல எவ அழுதா எனக்கின்னா?”

“நாலுலருந்து அஞ்சு வரைக்கும்?”

“என் வூட்டு வாசல்ல வெளையாடட்டும்.”

“தினமுமாம்மா? உங்களுக்கு முடியுமா?”

“முடியாதுதான்” என்றார் ருக்மணி. “நீங்க அனுமதி கினுமதி எழுதறதுன்னா எழுதுங்க. அதுலதான் நீங்க கெட்டியாச்சே.”

அவர் எழுதினார். இம்முறை கட்டம் எதுவும் இல்லாத வெள்ளைத்தாளில் நடந்ததை நடந்தபடி எழுதினார். தன் விளக்கத்தையும் எழுதினார்: தவறு என்னுடையது. அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் நூலகத்துக்குப் பதினொரு பிள்ளைகளும் வந்தார்கள். சுவாதி தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியாக வந்தாள். கதவருகே நின்று உள்தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். எடுத்துப் பார்த்தாள். இன்னொரு முறை போட்டு எடுத்துவிட்டு, அப்புறம்தான் போய் உட்கார்ந்தாள். ருக்மணி அவளுக்கு ஒரு பொரி உருண்டை கொடுத்தார்.

இரண்டு வாரம் போனது. பூங்கொடி ஷிப்டு முடிந்து வந்து, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது ருக்மணிக்கு நன்றி சொல்ல வாயெடுப்பாள். ருக்மணி, “போம்மா, காத்து குளுருது” என்று துரத்திவிடுவார். வரைவு என்ன ஆனதென்று கேட்கச் சௌந்தரராஜன் இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார். பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

ஒரு நாள், ஆட்கள் வேலைக்குக் கிளம்பும் முன் வரி நோட்டீசு கொடுக்க, அங்கன்வாடியும் ருக்மணியின் வீடும் இருக்கிற தெருவில் விடியும்போதே போனவர் அவரைப் பார்த்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிகாலையில்தான் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும். தெருக்குழாயிலிருந்து மையத்து வாசலில் இருக்கும் டிரம்முக்கு இருபது குடம். பத்தரை மணிக்கு மேல் நூலகத்தைச் சாத்திவிட்டுப் படுக்கிறவர் ஐந்தரை மணிக்கு எழுந்து குடம் சுமக்கிறார். இரண்டு குடத்துக்கு ஒரு முறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைக் கூப்பிடாமல் சௌந்தரராஜன் அடுத்த சந்து வழியாகத் திரும்பிவிட்டார்.

அதற்கடுத்த தண்ணீர் நாளன்று அவர் நாலு மணிக்கே எழுந்தார். சாமி படத்துக்கு முன் நின்றார், கேட்க ஒன்றும் தோன்றவில்லை. தெருக்களுக்குத் தண்ணீர் வால்வு திறந்துவிடுகிறவரிடம், இன்றைக்கு நானே திறந்துகொள்கிறேன், நீ தூங்கு என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். தெரு இன்னும் எழவில்லை. தண்ணீர் முதலில் செம்மண்ணாக வந்து பிறகு தெளிந்தது. இருபது குடத்தையும் அவரே சுமந்தார். பதினைந்தாவதில் மூச்சு வாங்கியது. குழாயடிக் கல்லில் உட்கார்ந்து எழுந்தார். டிரம் நிறைந்ததும் மூடியைப் போட்டார். வாசலில் சிந்திய தண்ணீரைப் பழைய சாக்கால் ஒற்றி எடுத்தார். குடத்தைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தார்.

கிழக்கே வெளுத்தது. ருக்மணியின் வீட்டுக் கதவு திறக்கும் ஓசை கேட்கும் முன் அவர் வேட்டியின் ஈரத்தைப் பிழிந்துகொண்டே அடுத்த தெருவின் வால்வைத் திறக்கப் போனார்.