ஏழடி மகிமா

காசிமேட்டு மகிமா தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்திப் போட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், உயரம் வளர்ந்தாள். முதல் தடவையே சரியாக வந்துவிட்டால் வளர்த்தி கிடையாது. மீன் விற்கும் அவள் அம்மா ரேகா, பாவாடை ஓரத்தை மூன்றாம் முறை பிரித்துவிட்டபோதுதான் இதைக் கண்டுபிடித்தாள்.

எல்லாம் கணக்கு வாத்தியார் சுப்புராயனால் வந்தது. மகிமாவுக்கு ஒன்பதாம் வகுப்பு முழுப் பரீட்சையில் கணக்கில் பதினொரு மார்க். பத்தாவதில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று பள்ளி வாசலில் பேனர் கட்ட மனுஷன் துடித்துக்கொண்டிருந்தார். ரேகாவைக் கூடையோடு வரவழைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, வகுப்பின் முன்னாலேயே சொன்னார்: "உம் பொண்ணுக்கு ஜென்மத்துக்கும் கணக்கு வராது. டி.சி. வாங்கிக்கினு போ." அவளோடு படித்த திலீப்பும் லுப்னாவும் ஏற்கெனவே அப்படித்தான் போயிருந்தார்கள்.

"போவட்டும் வுடு கண்ணு, கலீஜு புடிச்ச ஆளு," என்றாள் ரேகா.

"வுட மாட்டேம்மா. நா இங்கதான் படிப்பேன். அந்தாள வெச்சு செய்றேன் பாரு."

டி.சி. வாங்காமலே மகிமா பத்தாவதில் போய் உட்கார்ந்தாள். எரிச்சலில்தான் படித்தாள், ஆசையில் அல்ல. கரைக்கு வந்த வலையை உதறி, எங்கே கிழிந்தது என்றுதான் காசிமேட்டில் முதலில் பார்ப்பார்கள்; கிழிந்ததற்காக யாரும் வலையைக் கடலில் வீசுவதில்லை. அவளும் தப்பான விடையை அழிக்காமல், எந்த வரியில் பிய்ந்தது என்று விரலால் தடவித் தேடுவாள். அந்த இடத்திலிருந்து மறுபடி போடுவாள். ஆடி போய்த் தை வந்தது. அவளுக்காகப் பள்ளியில் பெஞ்சை உயர்த்தினார்கள். பொதுத்தேர்வுக்குள் இருநூற்றுச் சொச்சம் கணக்கு, ஏழடி உயரம்.

எண்பத்து மூன்று மார்க்கோடு, குனிந்து ஆசிரியர் அறைக்குள் நுழைந்தாள். "இன்னா சார், வந்துச்சா?"

"நான் சொன்னது தப்பும்மா," என்றார் சுப்புராயன்.

"சொன்னா போதாது. திருத்திப் போடணும். திலீப்பு வூட்டுக்கும் லுப்னா வூட்டுக்கும் போயி, தெருவே கேக்குற மாதிரி தப்புன்னு சொல்லி, கூட்டிக்கினு வா."

கத்திரி வெயிலில் நடந்தார். பின்னாலேயே மகிமா போனாள், ஒரு வார்த்தையும் தப்பாதபடி பார்த்துக்கொள்ள. திலீப் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மறுநாளும் போய்ச் சொன்னார், திலீப் வந்தான். லுப்னாவின் அம்மா அஜீசா மீன் கழுவிய தண்ணீரை அவர் தலையிலேயே ஊற்றினாள். மகிமாவுக்குக் குளுகுளுவென்றிருந்தது. அவர் சட்டையைப் பிழிந்துவிட்டு, மூன்றாம் நாளும் அதே வாசலில் நின்றார். லுப்னா பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் சுப்புராயன் இரண்டு நூல் வளர்ந்திருந்தார். மகிமாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.