முன்பு தேடியவை

வட்டிலப்பத்துக்கு எவ்வளவு தேங்காய்ப்பால் விட வேண்டும் என்று பார்க்கத்தான் ரிப்கா ஹோலில் இருந்த டிவியைப் போட்டாள். அசர் தொழுகைக்குப் பிறகு மாமி கைறுன்னிஸா வருகிறாள். மகனுக்கு இரண்டாவதாக ஒரு பெண் பார்த்துவிட்டாள். மருமகள் வாயால் ஓம் என்று ஒரு சொல் வாங்க வேண்டும். அதற்கும் நானே வட்டிலப்பம் அவிக்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபோது ரிப்காவுக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது.

பிள்ளைக்காக அவள் குடிக்காத கசாயம் இல்லை. ஏறாவூர் பரிசாரியிலிருந்து கொழும்பு டொக்டர் வரை பார்த்தாகிவிட்டது. உங்களிடம் ஒரு குறையும் இல்லை, கணவரைக் கூட்டி வாருங்கள் என்றார் டொக்டர். முனாஸ் கடையில் வேலை என்று தட்டிக் கழித்தான். அவளும் வற்புறுத்தவில்லை.

ரிப்காவின் உம்மா ரிமோட்டிடம் வாயால் சொல்லியே டிவியில் நாடகம் போட்டுப் பார்ப்பார். ரிப்காவுக்கு டிவி பார்க்க நேரமேது? இன்று தேடும் பட்டனை அழுத்தியதும் பழைய தேடல்கள் வரிசையாக இறங்கின. விந்தணு இல்லாதவருக்குப் பிள்ளை பிறக்குமா. விந்தணுக் குறைவுக்கு மருந்து. மனைவியிடம் எப்படிச் சொல்வது. கீழே ஒரு சிகிச்சை நிலையத்தின் விளம்பரம்: 'உங்களுக்கு அருகில், மட்டக்களப்பில்'.

காத்தான்குடியில் எல்லா வீட்டு டிவியிலும் இது வருகிறதாக்கும் என்று முதலில் பயந்துபோனாள். பிறகுதான் விளங்கியது. நோன்பு காலத்தில் மக்காவின் தறாவீஹ் தொழுகை பார்க்க வாங்கிய டிவி. ஏதோ கணக்கு வேண்டும் என்றது. வீட்டு மாப்பிள்ளை பெருமையாகத் தன் போன் கணக்கையே போட்டுக் கொடுத்தான். கடை மூலையில் ஒளிந்து நின்று அவன் போனிடம் கேட்டதையெல்லாம் இந்தப் பெட்டி அவனுடைய மாமியார் இருக்கும் ஹோலில் கடைவிரித்து வைத்திருக்கிறது. உம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாதது அல்லாஹ் செய்த உதவி.

அந்த மூன்றாவது வரிதான் அவளை முழுசாகக் கோபப்பட விடவில்லை. பக்கத்தில் படுத்திருந்தவளை விட்டுவிட்டுப் போனிடம் போய்க் கேட்டிருக்கிறான்.

அமைப்புகளுக்குள் போனாள். 'உங்கள் அந்தரங்கம் எங்களுக்கு முக்கியம்' என்றது திரை. முக்கியம்தான், ஊர்ப் பெயர் வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறதே. அடியில் ஒரு கேள்வி இருந்தது: எல்லாவற்றையும் அழிக்கவா?

அசர் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து முனாஸ் வரும்வரை அவள் அப்படியே இருந்தாள். வட்டிலப்பம் அவியவில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான்.

"எப்ப தெரியும்?" என்று கேட்டாள் ரிப்கா.

"நோன்புக்கு முந்தி. டவுண்ல டெஸ்ட் எடுத்த."

"அதுக்குப் பொறகும் நான் கசாயம் குடிச்ச. நீங்கதான் ஊத்தித் தந்த."

அவன் கழற்றிய தொப்பியை மடித்தபடி, "அழிச்சிடு புள்ள. எங்கட உம்மா வாற நேரம்" என்றான்.

அழிப்பது லேசு. இது அவளுக்குக் கொடுத்த சீதன வீடு, மாப்பிள்ளைதான் இங்கே குடிவந்தவன். அவளை யாரும் வெளியே அனுப்ப முடியாது. புறப்படப் போகிறவன் அவன்தான், இன்னொருத்தியின் சீதன வீட்டுக்கு. அங்கேயும் ஒரு பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு கசாயம் குடிப்பாள்.

"நீங்க கேட்ட கேள்விதானே மச்சான். நீங்களே அழியுங்க." ரிமோட்டை அவன் கையில் வைத்தாள்.

கேட் திறந்தது. கைறுன்னிஸா ஸலாம் சொல்லிக்கொண்டே வந்து செட்டியில் உட்கார்ந்தாள். "என்ன மகன், டிவியப் போட்டுட்டு நிக்கிறீங்க?"

"தேத்தண்ணி போட்டுட்டு வாறன் மாமி" என்று ரிப்கா குசினிக்குள் போனாள். கேத்தல் இரையத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் ஹோலில் பேசுவது கேட்காது என்று தோன்றியதும் அடுப்பை அணைத்தாள். இரைச்சல் மெல்ல அடங்கியது.

"உம்மா" என்றான் முனாஸ். மறுபடியும், "உம்மா."

ரிப்கா கேத்தலின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அது சுட்டது.