சைகல் விற்ற கோட்டுகள்

ஓஷ் நகரத்தில் சைகல் போன் வழியாக விற்ற பழைய கோட்டுகளில் பாதிக்கு மேல், வாங்கியவர் வீட்டு ஆணியில் மாட்டிய மூன்றாம் நாள் உடம்புச் சூடு கண்டன. தோள் புடைத்தது, கைகள் நிறைந்தன, காலரில் வியர்வை வாடை வந்தது. அந்த வருடம் உருளைக்கிழங்கும் விலை ஏறியிருந்தது. ஊர் இரண்டையும் பேசியது.

அவள் ஆசைப்பட்டுத் தொழிலுக்கு வந்தவள் இல்லை. ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போன கணவன் எர்மெக்கின் போன் இலையுதிர் காலத்திலிருந்து அணைந்தே கிடந்தது. டிவியை விற்று, காரா-சூ சந்தையில் ஆண்கள் கோட்டு ஒரு மூட்டை, பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கினாள். மாட்டிக் காட்டப் பொம்மை வாங்க வழியில்லை. கதவுக் கைப்பிடியில் தொங்கவிட்டுப் படம் எடுத்தாள். மாவுச் சாக்கில் பொட்டலம் கட்டி, மலையூர் டாக்சிக்காரர்களிடம் கொடுத்தனுப்பினாள். மாமியார் ஸூரா முகத்தைச் சுளித்துக்கொண்டே பொத்தான் தைத்துக் கொடுத்தாள்.

முதல் கோட்டை பத்கென் ஊர்க்காரி ஒருத்தி வாங்கினாள். முதல் வியாபாரக் காசை மிச்சச் சரக்கின் மேல் தடவுவது எங்கள் சந்தை வழக்கம்; முதல் கையின் ராசி மூட்டை முழுக்கப் பரவ வேண்டும். ஆனால் காசு போனுக்குள் வந்துவிட்டது. சைகல் பிஸ்மில்லா சொல்லி, போனையே ஒவ்வொரு கோட்டின் மேலும் தடவினாள். அந்தக் கை யாருடையது என்று விசாரித்திருக்கலாம். அவசரக்காரி, விசாரிக்கவில்லை.

சில நாளில் பத்கென்காரி கூப்பிட்டாள். "தங்கச்சி, ரஷ்யாவுக்குப் போயி தகவலே இல்லாத எம்புள்ளைக்குத்தான் வாங்கி மாட்டுனேன். கோட்டு சூடா இருக்கும்மா. அவன் மாதிரியே கைய மடக்குது."

அடுத்த வாரம் அந்தப் பிள்ளை இறந்த செய்தி வந்தது. அதற்குப் பிறகு, போனவன் திரும்பாத வீடுகள்தான் சைகலிடம் வாங்கின. செத்தவனுக்கு வாங்கிய கோட்டு சுட்டது. உயிரோடிருப்பவனுக்கு வாங்கியது சும்மா தொங்கியது. அவளைச் சூனியக்காரி என்று திட்டியவர்களும் அளவு கேட்டு எழுதினார்கள். இரண்டாவது மூட்டைக்கும் அவள் போனைத் தடவினாள், தெரிந்தேதான். பிள்ளைகளுக்கு பூட்ஸ் வேண்டியிருந்தது.

"ஊருக்கெல்லாம் அனுப்புற. நம்ம வீட்டு ஆணி மட்டும் ஏன் காலியா கெடக்கு?" என்றாள் ஸூரா.

"கெடக்கட்டும் அத்தை."

"பயப்படுற."

"ஆமா, பயந்தான். வந்துருவாருன்னு நெனச்சிக்கிட்டுத்தான் தூங்குறேன். அதையும் புடுங்காதீங்க."

ஸூரா கேட்கவில்லை. மகன் அளவில் ஒரு சாம்பல் நிறக் கோட்டை எடுத்து அவளே மாட்டினாள். நாலாம் நாள் சைகல் காலருக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சுவர் மாதிரி சில்லென்று இருந்தது. ஒரு வாரம் ஆயிற்று, அப்படியேதான் இருந்தது.

"எம்புள்ள உசுரோட இருக்கான்டீ!" ஸூரா போர்சோக் மாவுத்துண்டுகள் பொரித்து, சுடச்சுட அக்கம்பக்கமெல்லாம் கொடுத்தாள். சைகலும் சிரித்தாள், முதல் நாள். மறுநாள் மாவு பிசையும்போது கை நின்றுவிட்டது. உயிரோடிருப்பவனுக்குக் காது இருக்கிறது, விரல் இருக்கிறது, வீட்டு எண் மனப்பாடம். கூப்பிடவில்லை என்றால், கூப்பிட வேண்டாம் என்றுதான் கூப்பிடவில்லை.

"செத்துருந்தா அழுது முடிச்சி எந்திரிச்சிருப்பேன் அத்தை. இப்ப நான் என்ன பண்ண?"

ஸூரா எண்ணெய்ச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள்.

சைகல் அந்தக் கோட்டைக் கழற்றி, கதவுக் கைப்பிடியில் மாட்டிப் படம் எடுத்தாள். சாயங்காலத்துக்குள் நாரின் ஊர்க்காரி ஒருத்தி வாங்கிவிட்டாள். மூன்றாம் நாள் அங்கே அது சூடு கண்டது. அவள் போனில் கதறியபோது சைகலுக்கு இரக்கத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக வந்தது.

"நல்லா கட்டிப் புடிச்சி அழு அக்கா," என்றாள். "ஒன் ஆளு ஒன்ன விட்டுட்டுப் போகல."

பிறகு அடுத்த மூட்டைக்குச் சொல்லி அனுப்பினாள்.