முழங்கால் உயரப் பலகை

அய்யாசாமி முப்பத்தொரு வருடம் மில் வாசலில் காவல் நின்றவர். அவர் கண்ணில் படாமல் அந்தக் கேட்டைத் தாண்டி ஒரு நூல்கண்டுகூட வெளியே போனதில்லை என்று அவரே சொல்வார். மறுத்துப் பேச அவர் குடியிருந்த இட்டிகேகூடு பேட்டையில் யாருக்கும் துணிவு வந்ததில்லை. அப்படிப்பட்டவருடைய வீட்டிலிருந்துதான், பதினோரு மாதம் நிறைந்த பேத்தி சௌம்யா ஒரே வாரத்தில் இரண்டு தடவை வெளியே போய்விட்டாள். எப்படிப் போனாள் என்பது அவருக்கே தெரியவில்லை.

தசரா முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. தொண்ணூற்று நாலாம் வருடம். ஒரு முற்றத்தைச் சுற்றி ஏழு வீடுகள் நிற்கும் வடாரத்தில் அவர்களுடையது மூன்றாவது வீடு. ஓர் அறை, ஓர் அடுப்படி, ஒரு வாசல், அவ்வளவுதான். வாசலைத் தாண்டினால் இரண்டு படி. படிக்கு அப்பால் மூடியில்லாத சாக்கடை, பொதுக் குழாய். கோடியில் எல்லா வீட்டுக்கும் பொதுவான குளியலறை. அங்கே விறகடுப்பின்மேல் வெந்நீர் அண்டா. ஷிப்டு வேலைக்காரர்கள் நேரங்கெட்ட நேரத்தில் குளிப்பதால் அந்த அடுப்பு பகலெல்லாம் அணைவதில்லை.

மகன் கணேசன் காலையில் தொழிற்சாலைக்குப் போவான். மருமகள் ஜீவிதா ஊதுபத்திக் கம்பெனிக்குப் போவாள். மனைவி இறந்து நாலு வருடம் ஆகிறது. ஆக, பகலில் குழந்தைக்கு அவர்தான் காவல்.

குழந்தை தவழ ஆரம்பித்ததுமே அவர் அடுப்படியை ஒழித்துவிட்டார். மண்ணெண்ணெய் ஸ்டவ் மேடைக்கு ஏறியது. அரிவாள்மனை ஆணியில் தொங்கியது. வாசலுக்கு மட்டும் வழி தெரியவில்லை. கதவைச் சாத்தினால் அறை இருட்டிப் புழுங்கும். குழந்தை வீறிட்டு அழும். அக்கம்பக்கத்தார், சேலைத் துணியால் கட்டில் காலில் கட்டிப் போடுங்கள், எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம் என்றார்கள்.

"எங்க வமுசத்துல மாட்டத்தான் கட்டுவோம்" என்று சொல்லிவிட்டு அவர் மரக்கடைக்குப் போனார். நிலையின் இருபுறமும் சட்டம் அடித்து, நடுவே மேலிருந்து செருகும்படி ஒரு பலகை செய்து மாட்டினார். முழங்கால் உயரம். இழைத்து, எண்ணெய் பூசி, சிராய் இல்லாமல் தடவிப் பார்த்து மாட்டிய பலகை. எதிர் வீட்டில் பூக்கட்டி விற்கும் சென்னம்மா, கட்டிய சரத்தைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். கன்னடக்காரி, ஆனால் அவள் பேசும் தமிழ் யாருக்கும் புரியும்.

"என்ன யஜமான்ரே, பக்கத்துல மிருகக்காட்சிசாலை இருக்கறது போதாதுன்னு நம்ம வடாரத்துலயும் ஒண்ணு தொறக்கறீங்களா?"

அவர் பலகையை இன்னொரு தடவை உருவிச் செருகிப் பார்த்தார். வாசற்காவலைப் பற்றிப் பூக்காரியிடம் என்ன பேச்சு.

திங்கட்கிழமை மத்தியானம் குழந்தை சாக்கடை ஓரத்தில் இருந்தாள். குழாயடிக்கு வந்த யாரோ தூக்கிக் கொடுத்தார்கள். புதன்கிழமை மத்தியானம் அதைவிட மோசம். அண்டா அடுப்பிலிருந்து இரண்டு முழ தூரத்தில் உட்கார்ந்து, அணைந்த கரிக்கட்டை ஒன்றை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். சென்னம்மாதான் பார்த்து ஓடிப்போய் எடுத்துவந்தாள். இரண்டு தடவையும் பலகை செருகினது செருகினபடியே இருந்தது.

சாயங்காலம் ஜீவிதா குழந்தையின் கன்னத்தில் இருந்த கரியைத் துடைத்தபடி மெதுவாகத்தான் பேசினாள்.

"ஏனுங்க மாமா, நீங்க கண்ண மூடுனீங்களா?"

"மில்லுல முப்பத்தொரு வருசம் நின்னவன் அம்மணி நான். பகல்ல கண்ண மூடுவனா?"

"அப்ப எப்புடி மாமா?"

"யாரோ வெளிய இருந்து கை நீட்டித் தூக்கியிருக்கோணும். அந்தப் பூக்காரியத் தவிர யாரு? கொஞ்சறதுக்குத் தூக்கறது, அப்பறம் மறந்துபோட்டு விட்டுப்போட்டுப் போறது."

முற்றத்தில் காது கேட்கும் தூரத்திலேயே சென்னம்மா இருந்தாள். பூக்கூடையைக் கீழே வைத்தாள். "சும்னே பழி போடாதீங்க யஜமான்ரே. நான் எடுக்கலேன்னா இன்னிக்கு உங்க கொழந்தை வெந்துபோயிருக்கும்" என்றாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கதவு பகலில் சாத்தி யாரும் பார்த்ததில்லை.

ஜீவிதா மாமனாரை நிமிர்ந்து பார்க்கவில்லை. "இன்னொருக்கா இப்புடி ஆச்சுன்னா ஞாயித்துக்கெழம இவள நஞ்சன்கூட்டுல எங்கம்மாகிட்ட விட்டுடறனுங்க மாமா. வேற வழியில்ல." கணேசன் சட்டையைக் கழற்றி மாட்டினான்.

அய்யாசாமிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மகன் பெற்ற பிள்ளை சம்பந்தி வீட்டில் வளர்வதா? கொள்ளேகால் பக்கத்தில் இருக்கும் பங்காளிகள் கேட்டால் என்ன சொல்வார்கள்? வீட்டில் இத்தனை பேர் இருந்தும் ஒரு பச்சைப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்பார்கள். அதைவிட உள்ளே குத்தியது வேறு. சாப்பிட்ட பிறகு சாய்வு நாற்காலியில் அவர் கண்ணை மூடுவது உண்மை. அரைமணி நேரம், சில நாள் அதற்கும் மேலே. அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. அதனால்தான் பழி எதிர் வீட்டுக்குப் போனது.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணை மூடினார், ஆனால் முழுக்க மூடவில்லை. திருடனைப் பிடிக்க மில்லில் செய்வது போல, இமைக்கு நடுவே ஒரு நூல் இடைவெளி விட்டுக்கொண்டு, குறட்டையும் விட்டார்.

சௌம்யா பாயில் உட்கார்ந்து ஒரு கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். குறட்டை கேட்டதும் தட்டுவதை நிறுத்தினாள். தலையைத் திருப்பி அவரைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் ஒரு குழந்தை ஒரு முகத்தைப் பார்த்து அவர் கண்டதில்லை. பிறகு கரண்டியைச் சத்தம் வராமல் பாயில் வைத்தாள்.

அவர் குறட்டையை நிறுத்தவில்லை.

சுவரோரம் இருந்த படுக்கையை நோக்கித் தவழ்ந்து போனாள். தலையணையின் மூலையைப் பிடித்து இழுத்தாள். அது கீழே விழுந்ததும் பின்னால் போய், இரண்டு கையாலும் நெற்றியாலும் வாசலைப் பார்த்துத் தள்ளினாள். நடுவில் அது கோணிக்கொண்டது. எழுந்து உட்கார்ந்து, யோசித்து, மறுபக்கம் போய்த் தள்ளினாள். திங்கட்கிழமையும் புதன்கிழமையும் அந்தத் தலையணை வாசலருகே கிடந்தது அவருக்கு இப்போது நினைவுக்கு வந்தது. இரண்டு நாளும் அவரே எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். அது அங்கே ஏன் வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை, முப்பத்தொரு வருடக் காவல்காரருக்கு.

தலையணை பலகையை முட்டியது. அதன்மேல் ஏறிப் பலகையைப் பிடித்து நின்றாள். வயிற்றைப் பலகையின் விளிம்பில் போட்டு, ஒரு காலைத் தூக்கினாள். வழுக்கியது. அழவில்லை. மறுபடி தூக்கினாள். மூன்றாம் தடவை முழங்கால் மேலே தொற்றியது. பலகையின்மேல் பல்லி போலப் படுத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

அப்போது மிருகக்காட்சிசாலையில் சிங்கம் கர்ஜித்தது. வடாரத்துப் பெரியவர்களே ஒரு கணம் நின்று கேட்கும் சத்தம். அவள் தலையைத் தூக்கிக் கேட்டாள். அது முடியட்டும் என்பது போலக் காத்திருந்தாள்.

இனிமேல் தலைகுப்புற விழுவாள் என்று நினைத்து அய்யாசாமி நாற்காலியின் கையை இறுகப் பற்றினார். ஆனால் அவள் விழவில்லை. படுத்தபடியே மெல்லத் திரும்பினாள். தலை வீட்டுக்குள்ளே, கால் வெளியே. பலகையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, காலை இறக்கினாள். கட்டைவிரல் காற்றில் தேடியது. இடது பக்கம் தேடியது, வலது பக்கம் தேடியது, படியைத் தொட்டது. பிறகுதான் கையை விட்டாள். பின்பக்கமாக இறங்க வேண்டும் என்று இவளுக்கு யார் சொன்னது? வார்த்தை ஒன்றும் வராத வாய். கீழே இரண்டு பல். அந்தச் சின்னத் தலைக்குள் நாள், நேரம், கிழவனின் தூக்கம், தலையணையின் உயரம் எல்லாம் கணக்காக இருக்கிறது. கோவிலில் மூலஸ்தானத் திரை விலகும்போது வருமே, அந்த நடுக்கம் அவருக்கு வந்தது.

எழுந்தார். பலகையைத் தாண்டினார். அவள் சாக்கடையைச் சுற்றிக்கொண்டு, நேரே அண்டா அடுப்பின் சிவந்த தணலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பாதி முற்றத்தில் அவளைத் தூக்கினார். அவள் திமிறி, அவர் மீசையைப் பிடித்து இழுத்துக் கத்தினாள்.

அப்படியே போய்ச் சென்னம்மாவின் சாத்திய கதவைத் தட்டினார். அவள் திறந்தாள், உள்ளே கூப்பிடவில்லை.

"நீ தூக்கல. இவளே ஏறி இறங்கறா. என் கண்ணால பாத்தேன்."

"முந்தின ரெண்டு நாளும் கண்ணு எங்க போச்சு?"

அவர் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினார். "தூங்கிட்டேன்."

முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சென்னம்மா உடனே இளகவில்லை. கொஞ்ச நேரம் அவரை நிற்கவைத்துத்தான் கை நீட்டிக் குழந்தையை வாங்கினாள். "கள்ளி, தாத்தா மானத்தையே வாங்கிட்டியே" என்று அதன் காதில் சொன்னாள். பிறகு அவரிடம், "அடுப்புக்கு ஒரு தகரக் கதவு போடலாம். சாக்கடைக்குக் கல்லு போடலாம். ஆனா நீங்க தனியாப் போட முடியாது. எல்லா வீட்டையும் கேக்கணும். கேப்பீங்களா?"

அவர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவர். அன்று சாயங்காலத்துக்குள் மற்ற ஆறு வாசலிலும் நின்று கேட்டார்; யாரும் மறுக்கவில்லை.

ஜீவிதா வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். தூங்கினதையும் சொன்னார். அவள் நம்பவில்லை. குழந்தையை உள்ளே விட்டு, தலையணையைப் போட்டுவிட்டு, அப்போதுதான் வேலையிலிருந்து வந்த கணேசனும் சேர்ந்து மூன்று பேரும் முற்றத்தில் நின்றார்கள். சௌம்யா அம்மாவைக் கண்ட வேகத்தில் ஒரே மூச்சில் ஏறினாள். உச்சியில் திரும்பினாள். கால் படியைத் தேடியபோது ஜீவிதாவின் இரண்டு கையும் தொடாமல் கூடவே இறங்கின. இறங்கி முடித்ததும் ஜீவிதா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். கணேசன், "அப்பா" என்று மட்டும் சொன்னான்.

ஜீவிதா குழந்தையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"எங்கம்மா வீட்டுல கெணறு இருக்குதுங்க மாமா. கைப்பிடிச் செவுரு இவ்வளவுதான் ஒசரம்." முழங்காலைத் தொட்டுக் காட்டினாள். "அங்க அம்மா ஒருத்திதான். இங்க ஏழு வாசல் இருக்குது. இவ இங்கயே இருக்கட்டும்."

அய்யாசாமி தலையை ஆட்டினார்.

மறுநாள் மத்தியானம் சென்னம்மா பூக்கூடையோடு வந்து அவர் வீட்டுப் படியில், பலகைக்கு வெளியே உட்கார்ந்தாள். குழந்தை உள்ளிருந்து பலகையைத் தட்டியது. அவர் முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் பார்க்கப் பாயை உதறி விரித்தார்.

"நான் தூங்கப் போறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, முதுகை நேராக வைத்துப் படுத்தார்.